நாந்தேன் பேசுறேன்

முதலில் ஸ்விட்ச் போடும் சத்தம். அப்புறம் மூச்சு. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, சில நாள் ஐந்தாறு மூச்சுகூட. கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக அந்த மூச்சு கரிசல் காடு முழுக்கப் பரவும். நடுவில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே காக்கை கரைவதும் கேட்கும். ரூம்களில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி யோசிக்கிறாக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் குரல் வரும்.

"நாந்தேன் பேசுறேன்."

யார் பேசுவது என்று சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. அவர் இருந்த வரைக்கும் அந்த மைக்கில் வேறு யாரும் பேசியதில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை. சொல்லாமல் விட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மனிதரைச் சொல்லாமல் அந்த நாளை மட்டும் சொன்னால் விளங்காது.

அவர் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். கம்பெனி என் தாய்மாமாவுடையது. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் ரோட்டை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போக வேண்டும். பட்டாசுக் கம்பெனி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஒரே பெரிய கட்டடமாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி இருக்காது. ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்த ரூமுக்குத் தாவக்கூடாது என்பதற்காகச் சின்னச் சின்ன ரூம்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்போம். எங்களுக்கு இருபது ரூம். ஒன்றுக்கு நாலு பேர். நடுவில் வேப்பமரங்கள். பதினோரு மணி வெயிலில் அத்தனை ரூமும் கானலில் மிதப்பதுபோல் தெரியும். எந்த ரூமும் எந்த ரூமோடும் ஒட்டாமல் நிற்கும். இந்த ரூமில் இருக்கிறவர் அந்த ரூமில் இருக்கிறவரை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் பார்க்க முடியும். அதுவரைக்கும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

மல்லாங்கிணறுப் பக்கத்து ஆள். ஒல்லி உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் தங்கிவிட்டது. சோறு பிசையும்போதுகூட விரல்நுனி வெள்ளியாக மினுங்கும். மைக்கைப் போடுவதற்கு முன்னால் அந்தத் துண்டால் அதை ஒரு தடவை துடைப்பார். பேசி முடித்ததும் இன்னொரு தடவை துடைப்பார்.

நான் மதுரையில் நிர்வாகப் படிப்பு முடித்துவிட்டு வந்து இறங்கியது இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. டை கட்டிய போட்டோ ஒன்றும், ஆட்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிய தடித்த நோட்டு ஒன்றும் என் சொத்து. "ஏலே, நீ வந்துட்டேல்ல, இனிமே ஆளுகளோட பேசுறது பூராம் ஒன் பொறுப்பு" என்றார் மாமா. வந்த முதல் வாரமே நான் கண்டுபிடித்த குறை அந்த மூச்சுதான்.

"அண்ணாச்சி, என்ன சொல்லணும்னு யோசிச்சுட்டு மைக்கைப் போடுங்களேன். இவ்வளவு நேரம் சும்மா இரைஞ்சுக்கிட்டு இருக்கே."

அவர் கோபப்படவில்லை. "யோசிக்கிறதையும் அவுக கேக்கட்டுமே தம்பி" என்றார். நான் அதை நோட்டில் எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

அவர் மைக்கில் சொல்லும் விஷயங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். "நாந்தேன் பேசுறேன். இன்னைக்கு மோரு புளிச்சுப்போச்சு. உப்புப் போட்டுப் பாத்தேன், தேறல. குடிக்கிறவுக குடிங்க." இன்னொரு நாள்: "நாந்தேன் பேசுறேன். நேத்துக் கலந்த மருந்துல ஈரம் இருக்கு. எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. கலந்தது நாந்தேன். அதத் தொடாம தனியா வச்சிருங்க." தன் தப்பை எண்பது பேருக்கு ஸ்பீக்கர் வைத்துச் சொல்லும் மேலதிகாரியை என் பாடப் புத்தகத்தில் நான் படித்ததில்லை. மதிப்புக் குறைந்துவிடாதா என்று எனக்குக் கவலை. எனக்குத்தான் கவலை. அவருக்கு இல்லை.

ஒரு மத்தியானம் மேற்கே மேகம் திரண்டது. இடி விழுந்தால் பட்டாசுக் கம்பெனியில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விட்ச், நீளமான மூச்சு, பிறகு குரல்: "நாந்தேன் பேசுறேன். மேக்க கருக்குது. வருமா, கலஞ்சு போயிருமான்னு எனக்குத் தெரியல. தெரியாததுனால வெளிய வாங்க." எல்லோரும் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. மேகம் எங்களுக்கு மேலாக நகர்ந்து, காரியாபட்டிப் பக்கம் போய்விட்டது. வெயில் பளீரென்று அடித்தது. செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற சனம். ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் அவர்களுக்குத்தான் நட்டம். மாமா பல்லைக் கடித்தார். போர்மேன் நிதானமாகப் போய் மைக்கைத் துடைத்தார். "நாந்தேன் பேசுறேன். மழ வரல. நான் தப்பாச் சொல்லிட்டேன். போயி ஒக்காருங்க." பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஒருவரும் முனகவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் புரியாமலே இருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எப்போதாவது தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும். காதுக்கு முன்னால் வெறும் பாதத்துக்குத்தான் தெரியும். தரை லேசாக உதறும். அந்த ஒரு கணத்தில் எல்லா ரூம் வாசலிலும் பெண்கள் வந்து நிற்பார்கள். புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் வேறொரு கம்பெனியில் இருப்பார்கள்: அக்கா, மருமகள், மகள். செல்போன் அப்போது எல்லார் கையிலும் வரவில்லை. இருந்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாது.

அந்த நேரத்துக்கு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "நாந்தேன் பேசுறேன். சத்தம் கேட்டுச்சு. எங்கனன்னு தெரியல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். அது வரைக்கும் மருந்தத் தொடாதீக." நடுங்குகிற கையோடு மருந்தைத் தொடக்கூடாது என்பது அவர் கணக்கு. தன் மொபெட்டில் புகையைப் பார்த்துப் போவார். திரும்பி வந்து எந்தக் கம்பெனி, யார் யார் என்று உள்ளதை உள்ளபடி சொல்வார். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஒரே குரல்தான்.

மாமாவுக்கு இது பிடிக்காது. கம்பெனிக்குள் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது, அபசகுனம் என்பார். போர்மேன் ஒருமுறை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நெருப்புன்னா வாய் வெந்துருமா மொதலாளி? சொல்லாட்டித்தேன் வயிறு எரியும்." மாமா காரில் ஏறிவிட்டார். இந்த ஆளை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. அவர் கலந்த மருந்துக்கு வானத்தில் விரியும் நிறமே தனி.

இனி அந்த நாள்.

புரட்டாசிக் கடைசி. தீபாவளி சீசன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேட்டில் லாரி நிற்கிறது. சாயந்தரம் லோடு கிளம்பியாக வேண்டும். பதினோரு மணி சுமாருக்குப் பாதத்தில் அந்த உதறல் வந்தது. பின்னாலேயே சத்தம். தெற்கே வெள்ளையாக ஒரு புகை எழுந்து, அவசரமே இல்லாமல் விரிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. இப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போர்மேன் மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு மைக்கை நோக்கி வந்தார். அதற்குள் விருதுநகர் ஆபீஸிலிருந்து மாமாவின் போன். "ஏலே, நம்ம கம்பெனியில இல்லேல்ல? அம்புட்டுத்தான் வேணும். ஆளுகள வெளிய விட்டுறாத, போனா ஒருத்தியும் திரும்ப மாட்டா. குவாரி வெடின்னு சொல்லச் சொல்லு."

நான்தான் எழுதினேன். கம்பெனித் தாளில், என் அழகான கையெழுத்தில்: 'தொழிலாளர்களின் கவனத்திற்கு. சற்றுமுன் கேட்ட சத்தம் கல்குவாரியில் வைக்கப்பட்ட வெடியின் சத்தமாகும். யாரும் பதற்றமடையத் தேவையில்லை. அனைவரும் தொடர்ந்து பணியாற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' எழுதி முடித்ததும், நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்திகூட இருந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "குவாரிக்காரன் சாயந்தரந்தேன் வெடி வைப்பான் தம்பி."

"மாமா சொல்லிட்டாக அண்ணாச்சி. படிச்சிருங்க."

"நெசமா எங்கனன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார். தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார். துண்டை எடுக்கவில்லை. மூச்சு இல்லை, காக்கை இல்லை. போட்ட மாத்திரத்தில் படிக்க ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் முடித்து, ஸ்விட்சை அணைத்தார். தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அப்போது பதினொன்றாம் ரூமிலிருந்து ஒருத்தி இறங்கினாள். பேச்சியம்மா. வாசல் தொட்டியில் கையைக் கழுவினாள். அடுத்த ரூமிலிருந்து இரண்டு பேர். அதற்கடுத்து நாலு பேர். கம்பெனிக்குள் ஓடக்கூடாது என்பது சட்டம். அந்த நேரத்திலும் ஒருத்தியும் ஓடவில்லை. இருபது ரூமிலிருந்தும் வெறுங்காலோடு, சத்தமில்லாமல், கானலுக்குள் இருந்து நடந்து வந்தார்கள். அந்தக் கானலில் நிற்கிறார்களா நடக்கிறார்களா என்றே தெரியவில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த நடை எனக்குத் தெரிகிறது.

நான் கேட்டை மூடச் சொல்லிவிட்டுக் குறுக்கே நின்றேன். "குவாரி வெடின்னு சொன்னோம்ல?"

"யாரு சொன்னா?" என்றாள் பேச்சியம்மா.

"போர்மேன் இப்பத்தானே சொன்னாக."

"அண்ணாச்சி பேசல தம்பி. அண்ணாச்சி பேசுனா 'நாந்தேன் பேசுறேன்'ம்பாக. இது வேற யாரோ அவுக வாயில பேசுறாக. கேட்டத் தெறங்க. எம் மக தெக்க கம்பெனியில இருக்கா."

போர்மேன் என்னைத் தாண்டி வந்தார், தாழ்ப்பாளை எடுத்தார், மொபெட்டை உதைத்தார். பேச்சியம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். லாரி டிரைவர் இரண்டு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மேல்தான் அவர் வந்தார், தனியாக. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார்கள். வாயால் சொன்னாலே கேட்கும். ஆனால் அவர் ஆபீஸுக்குள் போனார். துண்டால் மைக்கைத் துடைத்தார். ஸ்விட்ச். மூச்சு. அவ்வளவு நீளமான மூச்சை அந்த ஸ்பீக்கர் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிருக்காது.

"நாந்தேன் பேசுறேன். பேச்சியம்மா மக இருக்கா. கை வெந்துருக்கு. காது ரெண்டும் கேக்கல. உசுருக்கு ஒண்ணுமில்ல. மத்தவுகளச் சொல்றேன்." பிறகு ஐந்து பெயர்களை, ஊரோடும் வீட்டோடும், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டாவது பெயரில் கொட்டகைக்குள் ஒரு அலறல் எழுந்தது. அவர் காத்திருந்தார். அது அடங்கிய பிறகுதான் மூன்றாவது பெயரைச் சொன்னார்.

பேச்சியம்மாவின் மகள் செல்வி, அந்தத் தெற்குக் கம்பெனிக்கு வெகு தள்ளி வேலிக்கருவைப் புதருக்குள் போய் உட்கார்ந்திருந்தாளாம். யார் கூப்பிட்டும் கேட்கவில்லை; கிட்டப் போனால் எழுந்து விலகிப் போனாளாம். அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரி வேனில் ஏறினாளாம். என் தாள் மட்டும் சொன்ன வேலையைச் செய்திருந்தால், அந்த அம்மா சாயந்தரம் வரைக்கும் பதினொன்றாம் ரூமில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்திருப்பாள். அதுவும் நடுங்குகிற கையோடு.

அன்று அவரிடம் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, 'நாந்தேன் பேசுறேன்'னு சொல்லாம விட்டுட்டீக?"

"அது நீங்க குடுத்த தாள்ல இல்லயே தம்பி" என்றார். குத்தலாகச் சொன்னாரா, வெள்ளையாகச் சொன்னாரா என்று முகத்தை எவ்வளவு பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் மைக் போட்டார். "நாந்தேன் பேசுறேன். நேத்து குவாரின்னு ஒண்ணு படிச்சேன். அது பொய். நெசமான்னு தெரியாமயே படிச்சேன். இனிமே படிக்க மாட்டேன்." சாப்பாட்டு நேரத்தில் யாரோ, எழுதிக் கொடுத்தது யார் என்று அவரிடம் கேட்டார்களாம். "படிச்சது என் வாயி. அம்புட்டுத்தான்" என்று சோற்றைப் பிசைந்தாராம். அதைக் கேள்விப்பட்டபோது நான் தப்பித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். நாள் போகப் போக, தப்பிக்கவே இல்லை என்று தெரிந்தது.

நாலைந்து வருஷம் கழித்து அவருக்கு முழங்கால் ஓய்ந்தது. காரியாபட்டியில் இருந்த மகன் வந்து கூட்டிப்போனான். சால்வை, புகைப்படம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். மைக்கைத் துடைத்தார். "நாந்தேன் பேசுறேன். நாளையிலருந்து வர மாட்டேன். முழங்கால் முடியல. போயிட்டு வாரேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு மைக் என் கைக்கு வந்தது.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் பேசினேன், கேட்டார்கள், அவ்வளவுதான். மோர் வந்துவிட்டது என்று சொன்னால்கூட, ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த்தான் மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒரு நாள் மேற்கே கருத்தது. மைக்கைப் போட்டு, "இடி வரும்போல இருக்கு, எல்லாரும் வெளிய வாங்க" என்றேன். யாரும் வரவில்லை. ரூம் வாசல்களில் தலைகள் தெரிந்தன, வானத்தைப் பார்த்தன, ஸ்பீக்கரைப் பார்த்தன. உள்ளே போய்விட்டன. மேகம் கருவேலங்காட்டுக்கு மேலே வந்துவிட்டது. எண்பது பேர் மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் குரலுக்கு இங்கே ஒரு காசு மதிப்புக் கிடையாது என்று தெரிந்தது.

மறுபடியும் ஸ்விட்சைப் போட்டேன். என் மூச்சு ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. காக்கை ஒன்று கரைந்தது.

"நாந்தேன் பேசுறேன்" என்றேன். "அன்னைக்குக் குவாரி வெடின்னு எழுதிக் குடுத்தது நாந்தேன். அண்ணாச்சி என்னையக் காட்டிக்குடுக்கல. இப்ப மேக்க கருக்குது. வருமான்னு எனக்குத் தெரியல. வெளிய வந்துருங்க."

பதினொன்றாம் ரூம் வாசலில் பேச்சியம்மா இறங்கினாள். தொட்டியில் கையைக் கழுவினாள். பின்னால் எல்லா ரூமும் இறங்கியது. ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது அவள் நின்றாள்.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. அண்ணாச்சி வாயில 'பதற்றம்'னு ஒரு பேச்சு வருமா?"

"பெறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றாள். "மக ஒரு காது தேறி, கல்யாணமாகி, பிள்ளையும் பெத்துட்டா. நீங்க இன்னைக்குத்தேன் வாயத் தெறக்கீக." சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள்.

அன்றும் மழை வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வெயில் அடித்தது. கொட்டகையில் இருந்து எண்பது முகங்களும் ஆபீஸ் பக்கம் திரும்பின. காத்திருந்தார்கள். பக்கத்தில் துண்டு எதுவும் இல்லை. சட்டை நுனியால் மைக்கைத் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.